ஆடிட் நாதஸ்வரம்

எங்கள் இயக்குநர் திருமூர்த்திக்கு வெளிநாட்டுக்காரர்கள் என்றால் உயிர். பூச்செண்டு கொடுக்கலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம், அரசாங்கச் செலவில் பெரிய ஓட்டலில் சாப்பிடலாம். வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்காது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் என்னை மாதிரி ஆட்களை ஒப்பந்தத்தில் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

டெல்லியில், விமானத் துறையைச் சேர்ந்த ஓர் அரசு அமைப்பில், வெளிநாட்டு உறவு மற்றும் பயிற்சிப் பிரிவு. பேரைக் கேட்டால் பெரிசாக இருக்கும். நட்பு நாடுகளிலிருந்து விமானப் பாதுகாப்பு ஆய்வாளர்களை அழைத்து, பயிற்சி கொடுத்து, சான்றிதழோடு ஊருக்கு அனுப்பி வைக்க வேண்டும். தூதரகத்துக்குக் கடிதம் எழுதுவது, பாடத்திட்டம் போடுவது, வகுப்பு எடுக்க வருகிறவரை போன் போட்டு எழுப்புவது, வந்தவர்களுக்கு வயிறு கெட்டால் மாத்திரை வாங்குவது எல்லாம் நான். கைகுலுக்குவது அவர்.

இந்த முறை ஐந்து நாட்டிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் மலாவி நாட்டு செசிலியா பாண்டா. நாற்பது வயது இருக்கும். பல வருஷம் விமானப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு, படித்துப் பரீட்சை எழுதி ஆய்வாளர் ஆகப்போகிறவர். வந்திறங்கிய அன்றைக்கே என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"விமானம் எப்போது?"

"எந்த விமானம்?"

"நான் உள்ளே ஏறிப் பார்க்கப்போகிற விமானம். பாடத்திட்டத்தில் செய்முறை ஆய்வு என்று போட்டிருக்கிறீர்களே."

கடைசி வாரம், கோயமுத்தூரில் என்று சொன்னேன். நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன்.

"பணிப்பெண்ணாக இருந்தபோது எத்தனையோ ஊரில் ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஏணியடியில் நின்று டீ குடிப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போய்விடுவார்கள். நூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு நாங்கள் பறப்போம். அந்த மாதிரி ஆளாக நான் ஆகக்கூடாது, தேவி. விஷயம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒரு விமானத்தையாவது முழுசாகப் பார்த்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும். ஊரில் எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை" என்றார்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. எங்கள் ஆபீஸில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். சர்வதேச அமைப்பிலிருந்து எங்களையே சோதிக்க ஆட்கள் வருகிறபோது, யார் எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கேள்வி பதில் தயார் பண்ணி எல்லோருக்கும் கொடுத்தவள் நான். ரொம்ப நன்றாகத் தயார் பண்ணியிருக்கிறாய், எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். பனியன் கம்பெனியில் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது.

கோயமுத்தூரில் செய்முறை வகுப்பு என்று முடிவு பண்ணியது இயக்குநர். அவருக்குச் சொந்த ஊர் திருப்பூர்ப் பக்கம். அரசாங்கச் செலவில் ஊருக்கு ஒரு நடை. போகட்டும், விமானம் எங்கே நின்றாலும் விமானம்தான் என்று நான் அனுமதி ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு வந்தேன். உள்துறை, பாதுகாப்பு, விமான நிலையம் என்று மாசக்கணக்காக அலைந்து எல்லாம் கைக்கு வந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு விமான நிறுவனம், தன் விமானம் நிற்கிற நேரத்தில் எங்களை உள்ளே விடச் சம்மதிக்க வேண்டும். ஒரு போன் கால். நான் பேசட்டுமா என்று கேட்டதற்கு, "வெளி நிறுவனத்தோட பேசறது என் லெவல் அம்மணி" என்று சொல்லிவிட்டார்.

கடைசி வாரம் வியாழக்கிழமை காலையில், நாங்கள் எல்லோரும் தங்கியிருந்த திருப்பூர் ஓட்டலில், தட்டில் இருந்த பொங்கலைப் பார்த்துக்கொண்டே இயக்குநர் சொன்னார்.

"ஏர்லைன்காரங்க மாட்டேன்னுட்டாங்க. நாளைக்கு நம்ம மச்சான் கம்பெனிக்குப் போறோம். பிராக்டிகலை அங்கயே வெச்சுக்கலாம்."

"பனியன் கம்பெனியிலயாங்க சார்?"

"அங்கயும் எமர்ஜென்சி எக்ஸிட் இருக்குது. அங்கயும் தீயணைக்கற சிலிண்டர் இருக்குது. சேஃப்டின்னா சேஃப்டிதான? ஏன் அம்மணி இப்படி மொறைக்கறே?"

"அவங்க பிளேன் பாக்க வந்தவங்க சார்."

"சர்டிபிகேட்ல பிராக்டிகல் முடிஞ்சுதுன்னு இருக்கும். அது போதும் அவங்களுக்கு. எல்லாருக்கும் டீசர்ட் வேற குடுக்கறாரு மச்சான்."

இட்லியைப் பிய்த்த கை அப்படியே நின்றுவிட்டது எனக்கு. மச்சான் கம்பெனி என்றதில் எனக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. அவர் மச்சான் சிவராஜ் முதலாளியின் கம்பெனியில்தான் என் அம்மா செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வருகிற பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கறை, ஓட்டை, நூல் பிரிவு இருந்தால் ஒதுக்கிப் போடுகிற வேலை. எங்கள் ஊர் குன்னத்தூருக்கு வருகிற கம்பெனி வேனில் காலையில் ஏறினால் இருட்டினபிறகுதான் ஊடு. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

இந்த வேலைக்கு நான் பரீட்சை எழுதித் தேர்வானேன். நேர்காணலில் உட்கார்ந்திருந்த ஆறு பேரில் திருமூர்த்தி ஒருவர். அவ்வளவுதான் சம்பந்தம். ஆனால் மச்சானும் மச்சானும் போகிற இடமெல்லாம், "நம்ம செக்கிங் தெய்வாத்தா மகளை டெல்லியில உக்கார வெச்சிருக்கறோம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அம்மாவும் அதை நம்பி, கும்பிடும்போது அவர்கள் பேரையும் சேர்த்துக்கொள்கிறாள். எனக்குக் குமட்டுகிறது என்றால், "நன்றி கெட்டுப் பேசாத கண்ணு" என்பாள்.

செசிலியாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "விமானம் இல்லையா?" என்று ஒரு முறை கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பூண்டியைத் தாண்டி, சிற்பிகள் கல் கொத்துகிற சத்தமெல்லாம் பின்னால் போனபிறகு, அவிநாசி ரோட்டை ஒட்டி நிற்கிற சிவராஜ் கம்பெனிக்குள் எங்கள் வேன் நுழைந்தது. வேனிலிருந்து முதலில் இறங்கியவர் செசிலியா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டையில் செருகிய தாள், பேனா. பின்னாலேயே ஐவரில் ஒருவரான பூட்டான்காரர், அவர் கையிலும் அதே அட்டை, தாள், பேனா. செய்முறை ஆய்வு என்றால் எழுதிக்கொள்ள வேண்டுமே என்று நான்தான் கொடுத்திருந்தேன்.

வாட்ச்மேன் பார்த்தான். ஆபீஸுக்கு ஓடினான். அடுத்த நிமிஷம் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டு நின்று, நாதஸ்வரம் கிளம்பியது.

திருப்பூரில் வளர்ந்தவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் அவ்வப்போது ஆள் அனுப்பிச் சோதிப்பார்கள். அதற்கு ஆடிட் என்று பேர். ஆடிட்டர் கேட்டைத் தாண்டியதும் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு சங்கேதம் உண்டு. சில இடத்தில் மணி, சில இடத்தில் விளக்கு. சிவராஜ் கம்பெனியில் நாதஸ்வரம். அது கேட்டதும் மாஸ்க் மூக்குக்கு ஏறும், நடைபாதையில் கிடக்கிற பெட்டிகள் மறையும், வயசு குறைந்த பிள்ளைகள் பின்கேட் வழியாக டெம்போவில் ஏறும், பூட்டின கதவு திறக்கும். பார்க்கிறவர்களுக்கு வெறும் மங்கள இசை. வெள்ளைக்காரர்கள் ரசித்துத் தலையாட்டுவார்களாம்.

"யோவ் ஜெயபாண்டி! இவங்க ஆடிட் இல்லய்யா, விருந்தாளிங்க!" என்று கத்திக்கொண்டே சிவராஜ் முதலாளி படியிறங்கி வந்தார்.

எச்.ஆர். ஜெயபாண்டி மதுரைப் பக்கத்துக்காரர். "அட்டையும் பேனாவுமா எறங்குறாக மொதலாளி. எனக்கென்ன தெரியும்? நிப்பாட்டவா?"

முதலாளி செசிலியாவின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார்.

"வேண்டாம். ஓடட்டும்" என்றார்.

மேல்மாடியில் வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். எல்லோர் மூக்கிலும் மடிப்புக் கலையாத மாஸ்க். இயக்குநர் நடுவில் நின்று, சர்வதேசத் தரம் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். பூட்டான்காரர் போட்டோ எடுத்தார். செசிலியா பேச்சைக் கவனிக்கவில்லை. மூலையில் அவசர வழி என்று பச்சை எழுத்து எரிகிற கதவைப் பார்த்து நடந்தார். நான் மொழிபெயர்க்க வேண்டியவள், பின்னால் போனேன்.

"வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். விமானத்திலும் அப்படித்தான். ஆபத்து வந்தால் அந்தக் கதவு அவர் கையில்தான்" என்றார்.

கதவுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தது அம்மா.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு அசைவும் இல்லை. "சொல்லுங்க மேடம்" என்றாள்.

மேடம். பெற்ற மகளை. ஆடிட் நேரத்தில் யாரையும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது விதி. அம்மா விதியை மீறமாட்டாள். செசிலியா கேட்கக் கேட்க, நான் தமிழில் கேட்டேன்.

"இந்தக் கதவு எப்போது திறந்திருக்கும்?"

"எப்பவும் தெறந்துதாங்க இருக்கும்."

"தீ விபத்துப் பயிற்சி உண்டா?"

"மாசம் ஒருவாட்டி உண்டுங்க."

"வேலை நேரம்?"

"எட்டு மணி நேரந்தாங்க. ஓவர்டைமெல்லாம் நாங்க இஷ்டப்பட்டாத்தாங்க."

ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடம் படிக்கும்போது ஆடிட்டுக்கு முந்தின நாள் நான் ஆடிட்டராக நடிப்பேன், அம்மா சட்டியில் வெங்காயத்தை வதக்கிக்கொண்டே பதில் சொல்லிப் பழகுவாள். தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுவேன், சிரிப்பாள். இப்போது அதே பதில்களை வார்த்தை மாறாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், அரசாங்கச் சம்பளத்தில். இதற்காகவா இத்தனை படித்தேன் என்று வாயெல்லாம் கசந்தது.

செசிலியா கதவைத் தள்ளினார். திறந்தது. இயக்குநர் தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வெளியே இரும்புப் படிக்கட்டு. நாதஸ்வரம் ஊதினால் கதவைத் திறக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இதுவரை எந்த ஆடிட்டரும் பார்த்ததில்லை போல. முதல் வளைவிலிருந்து கீழே தரை வரைக்கும் படி தெரியவில்லை. கட்டிங் வேஸ்ட் மூட்டைகள். துணியை வெட்டியதில் மிஞ்சின துண்டுகளைச் சாக்கில் திணித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஒரு தீக்குச்சி போதும்.

செசிலியா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "மாசம் ஒரு முறை பயிற்சி எடுத்தவர்தானே. என்னோடு கீழே இறங்கிக் காட்டச் சொல்லு."

சொன்னேன். இந்தக் கேள்விக்கு அம்மாவுக்குப் பதில் சொல்லித் தரவில்லை யாரும்.

"அய்யோ, அங்க எப்படிங்க எறங்கறது? அந்த வழியா ஆளு போகவே முடியாதுங்களே" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இயக்குநர் எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை. காதோரம் சொன்னார். "ஒயரம்னா அந்தம்மாளுக்குப் பயம்னு சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள். மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்கிறாளா, சொல் என்கிறாளா, எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நான் நிற்கவும் இல்லை.

"இந்த வழியாக ஆள் போகவே முடியாது என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

செசிலியா தாளில் எழுத ஆரம்பித்தார். ஜெயபாண்டி, "ஏ ஆத்தா, ஒன்னய எவன் பேசச் சொன்னான்?" என்று பல்லைக் கடித்தார். "தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க சாமி" என்று அம்மா முதலாளியைப் பார்த்து எழுந்து நின்றாள். முதலாளி அவளைவிடப் பத்து வயசு இளையவர். சாமியாம்.

பிறகு முதலாளி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முறுக்கு, பிஸ்கட், காபி. இயக்குநர் சோபாவில் சாய்ந்திருந்தார். முதலாளிக்கு வியர்த்திருந்தது.

"ஏனுங்க மச்சான், அந்தம்மா எழுதுச்சே, அது எங்க போகும்?"

"எங்கயும் போகாதுங்க மச்சான். அவங்க ஏரோப்பிளேன்காரங்க. உங்ககிட்டத் துணி வாங்கற பையருக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல."

"போன தடவை வந்த ஆடிட்டர்கூட அப்படித்தான் சொல்லீட்டுப் போனான். வெளிநாட்டுக்காரங்களுக்குள்ள எல்லாம் தொடர்பு இருக்குமுங்க. ஒருத்தன் ரிப்போர்ட் எழுதுனா அத்தன பேருக்கும் போகும்." என் பக்கம் திரும்பினார். "அம்மணி, நீ படிச்ச புள்ள. நீயே சொல்லு. அது எங்க போகும்?"

இந்த ஊரில் பெரிய பெரிய முதலாளிகளுக்கே இருக்கிற பயம் இது. வெள்ளைத்தாளோடு வருகிற வெளிநாட்டு ஆள் யாராக இருந்தாலும் ஆடிட்டர்தான். மலாவிக்கும் இவர் ஆர்டருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பயத்தைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

"பயிற்சி அறிக்கையில சேரும் சார். அது அஞ்சு நாட்டு அரசாங்கத்துக்கும் போகும். அவங்க யாருக்கு அனுப்புவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை.

"அந்தப் படிக்கட்டு விஷயத்த மட்டும் எடுத்துரலாமில்ல?"

"விமானத்தைப் பாத்திருந்தா பனியன் கம்பெனியப் பத்தி எதுக்குங்க எழுதப் போறோம்? விமானம் கெடைக்கல. அதனால இதுதான் பிராக்டிகல்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலாளி கெட்டிக்காரர், எங்கே இடிக்கிறது என்று உடனே புரிந்துகொண்டார். துணி அனுப்பக் கெடு தாண்டினால் கப்பலில் விட முடியாது, விமானத்தில்தான் ஏற்ற வேண்டும். அதனால் திருப்பூர் ஏற்றுமதிக்காரர்களுக்கு விமான நிறுவனத்தில் ஆள் தெரியாமல் இருக்காது. போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். கோயமுத்தூரில் ஒரு விமான நிறுவனத்தின் மேலாளர் பேசினார். மாட்டேனென்றுவிட்டதாகத் திருமூர்த்தி சார் சொன்ன அதே நிறுவனம்.

"அஞ்சு பேருதானுங்களா? பர்மிசன் எல்லாம் இருக்குதுங்களா? அப்பறம் என்னங்க, நாளைக்கு மத்தியானம் பிளேன் நிக்கற நேரத்துல வரச்சொல்லுங்க. எங்க இஞ்சினியரையே கூட அனுப்பறேன்."

"மாட்டேன்னு சொல்லீட்டீங்கன்னாங்களே?" என்றார் முதலாளி.

"நாங்களா? யாருமே கேக்கலீங்களே!"

இயக்குநர் முறுக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எத்தனை சுற்று என்று எண்ணியிருப்பார். கோபம் வரவில்லை எனக்கு. சாப்பாட்டுத் தட்டில் மயிர் கிடந்த மாதிரி இருந்தது.

"அப்ப அந்தப் பேப்பரு?" என்றார் முதலாளி.

"படியக் காலி பண்ணுங்க. நான் எடுத்துர்றேன்."

"சாயங்காலமே ஆயிரும் அம்மணி."

ஆனது. சாயங்காலம் போட்டோ வந்தது. இரும்புப் படிக்கட்டு, மேலிருந்து கீழ்வரை காலியாக, பெருக்கிச் சுத்தமாக. கொஞ்ச நேரத்தில் அம்மா போன் பண்ணினாள்.

"வெவரக்காரி, நல்லாருக்கயா? உன்னால ஷிப்ட் முடிஞ்சும் ஊட்டுக்கு உடாம மூட்டை தூக்கினோம். இடுப்பு உட்டுப் போச்சு. என்னயச் செக்கிங்ல இருந்து எடுத்து வேஸ்ட் ரூமுக்குப் போட்டுட்டாங்க, தெரியுமா?"

"ஏம்மா, கதவுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறவ நீ. படி காலியானா உனக்குத்தான நல்லது?"

"எனக்கு நல்லது பண்றவ என்னயக் கேட்டுட்டுப் பண்ணோணும்" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் செசிலியா விமானத்துக்குள் ஏறினார். நான் ஓரமாக நின்றேன். பயணிகள் இறங்கிப் போயிருந்தார்கள், சுத்தம் செய்கிறவர்கள் வேலையில் இருந்தார்கள். விமான நிறுவனத்து இஞ்சினியர், தலை நரைத்தவர், எதைத் தொட்டாலும் ஏன் எதற்கு என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். செசிலியா இருக்கைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார், கதவோரத்து ரப்பரை விரலால் தடவினார், பெல்ட்டை இழுத்தார். மற்ற நால்வரும் போட்டோவை மறந்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். இயக்குநர் முதல் வரிசையில் உட்கார்ந்து ஏசிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் ஒரு வரிசையில் செசிலியா குனிந்தவர் நிமிரவில்லை. "இங்கே உயிர்காப்பு மேலங்கி இல்லை" என்றார். இஞ்சினியர் குனிந்து பார்த்தார். இல்லைதான். யாரோ பயணி உருவிக்கொண்டு போயிருப்பார். "மாத்திடறோம்" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டு செசிலியா அங்கேயே நின்றார்.

"மாத்திடுவோம் மேடம். நீங்க மேல பாருங்க."

"பார்க்கிறேன். முதலில் இது."

கீழே இருந்து ஒரு பெண் ஊழியர் புது மேலங்கியோடு ஓடிவந்தார். இருக்கைக்கு அடியில் வைத்ததும் செசிலியா தொட்டுப் பார்த்தார். அதற்கப்புறம்தான் தாளில் ஒரு கோடு போட்டார். "ஒரு குறையை மூடியதைக் கண்ணால் பார்த்தால்தான் மூடியது" என்றார் என்னிடம். அந்த முகத்தில் இருந்த நிறைவை நான் அதுவரை பார்த்ததில்லை. இஞ்சினியர், "ஆமா, அதுதான் சரி" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு பொம்பளை சொன்ன ஒரு வார்த்தைக்கு இத்தனை பேர் ஓடினார்கள் என்பதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது வேனில் கேட்டார். "அந்தப் படிக்கட்டு? நீ காலி என்று சொன்னாய். பார்த்தாயா?"

"போட்டோ பார்த்தேன்."

"போட்டோ" என்றார்.

கம்பெனியின் பின்பக்கம் சர்வீஸ் ரோட்டிலிருந்தே தெரியும். டிரைவரை அந்த வழியாகப் போகச் சொன்னேன். முன்சீட்டில் இயக்குநர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், பாட்டு எதுவும் இல்லாமல், கம்பெனி எப்போதும் போல இரைந்துகொண்டிருந்தது.

படிக்கட்டின் மேல்பாதியில் மறுபடியும் மூட்டை அடுக்கியிருந்தது. தலையில் சாக்கு மூட்டையோடு ஒரு பெண் மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

"அது நேற்றுப் பேசிய அம்மா இல்லையா?" என்றார் செசிலியா.

"ஆமாம். என் அம்மா."

செசிலியா என் பக்கம் திரும்பினார். வேனை நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து எனக்கு வழி விட்டார்.

வேலிக்குப் பக்கத்தில் போய் நின்று கூப்பிட்டேன். அம்மா மூட்டையைப் படியில் இறக்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கில் மாஸ்க் இல்லை. பஞ்சு ஒட்டிப் புருவம் வெளுத்திருந்தது.

"நேத்து எறக்குன மூட்டையத்தான ஏத்தறே?"

"வேற எந்த மூட்டைய? வேஸ்ட் வெக்க எடமில்லைங்கறாங்க. அதான் போட்டோ எடுத்தாச்சில்ல?"

"மேல கதவு?"

"பூட்டியாச்சு." வேனைப் பார்த்தாள். "அந்தக் கறுப்பம்மா பிளேன் பாத்துச்சா?"

"பாத்துச்சு."

"அப்பச் சரி, போ. மொதலாளி பாத்தாருன்னா வம்பு."

"அம்மா, அந்தப் படிக்கட்டப் பத்தி எழுதுனத எடுக்கறேன்னு சொல்லிருந்தேன். நான் எடுக்கப் போறதில்ல. அப்படியே அனுப்பப் போறேன். இந்தத் தடவை உன்னயக் கேக்கறேன். அனுப்பட்டுமா?"

அம்மா கீழே கிடந்த மூட்டையைப் பார்த்தாள், மேலே பூட்டின கதவைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வெங்காயம் வதக்கிக்கொண்டே சிரித்த அதே சிரிப்பு.

"அனுப்பு கண்ணு. இனி என்னய எங்க போடுவாங்க? வேஸ்ட் ரூமுக்குக் கீழ ரூமே இல்ல." மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "உன் வேல போயிருமா?"

"போகும்னுதான் நெனைக்கறேன்."

"போனாப் போகுது, வா. செக்கிங்ல ஒரு எடம் காலியா இருக்குது" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

வேனில் உட்கார்ந்து மடிக்கணினியில் அறிக்கையைத் திறந்தேன். செய்முறை ஆய்வு வெள்ளிக்கிழமை இயக்குநரின் மைத்துனர் தொழிற்சாலையில் நடத்தப்பட்டது, விமான நிறுவனத்தை யாரும் அணுகாததால். சனிக்கிழமை விமானத்தில் நடத்தப்பட்டது, மைத்துனர் அணுகியதால். அவசரப் படிக்கட்டு வெள்ளிக்கிழமை அடைபட்டிருந்தது, அன்று மாலை காலி, சனிக்கிழமை மறுபடி அடைபட்டிருக்கிறது, கதவும் பூட்டப்பட்டிருக்கிறது, கண்ணால் பார்த்தோம். செசிலியா படித்துப் பார்த்து, "பார்த்தோம் என்பதில் என் பேரையும் போடு" என்றார். போட்டேன். ஐந்து தூதரகம், எங்கள் தலைமை அலுவலகம், விதிப்படி இயக்குநருக்கு ஒரு பிரதி.

அனுப்பினேன்.

முன்சீட்டில், இயக்குநரின் சட்டைப் பைக்குள் போன் ஒருமுறை கூவியது. அவர் தூக்கத்திலேயே அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தலையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டார்.